ஹால் கிடைக்கலையா?

போன வாரம் ஒரு காதுகுத்து விசேஷம். சாப்பாட்டு வரிசையில எனக்கு முன்னாடி ஒரு அத்தை. (சொந்த அத்தை கிடையாது. சிங்கப்பூர்ல இருக்குற நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் கட்டாயமா ஒதுக்கியிருக்குற ஒரு அத்தை.) அப்பளத்தை எடுத்துத் தட்டுல வெச்சுக்கிட்டே கேட்டாங்க.

"ஏன்மா, உன் தம்பிக்கு ஹால் கிடைக்கலையா?"

கல்யாணம் முடிஞ்சு மாசக்கணக்காச்சு. இன்னும் கேக்குறாங்க.

"கிடைச்சுது அத்தை. நாங்கதான் வேணாம்னுட்டோம்."

அத்தை ஒரு பார்வை பாத்தாங்க. 'பாவம், பணக்கஷ்டம் போல, வெளிய சொல்ல முடியல'ங்குற பார்வை. அப்புறம் அவங்க கப்புல இருந்த பாயசத்துல பாதியை என் கப்புல ஊத்துனாங்க.

அனுதாபப் பாயசம்! குடிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வீட்டுக்கு வந்தும் ஆறல. அதான் உக்காந்து எழுதுறேன்.

விஷயம் இதுதான். என் தம்பி கல்யாணம் பூமலையில நடந்துச்சு. 38 பேர், காலையில ரெண்டரை மணி நேரம், முடிஞ்சுது.

(ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: பூமலைன்னா மலை இல்ல. சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன். தாத்தா காலத்துல இருந்தே நம்மாளுங்களுக்கு அது பூமலைதான். பக்கத்து எம்.ஆர்.டி. ஸ்டேஷனுக்கும் தமிழ்ல அதே பேரு. 1859ல ஆரம்பிச்ச தோட்டம், 82 ஹெக்டேர், 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. காலையில 5 மணிக்குத் திறந்து ராத்திரி 12 வரைக்கும் யாரு வேணா போகலாம், வரலாம். ஆர்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்.)

அந்த "யாரு வேணா போகலாம், வரலாம்"ங்குறதை அப்ப நாங்க சரியா யோசிக்கல. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல தம்பியோட ஆசை. டெம்புசு மரத்தடியில தாலி கட்டணுமாம். நம்ம 5 வெள்ளி நோட்டைத் திருப்பிப் பாருங்க, ஒரு பெரிய மரம் இருக்கும், தாழ்வா ஒரு கிளை சாஞ்சு நீட்டிக்கிட்டு. அதே மரம். தோட்டத்தை விட வயசு அதிகம். சின்ன வயசுல அந்தக் கிளையில ஏறி உக்காந்து அப்பாகிட்ட அடி வாங்கினவன் அவன். சென்டிமென்ட்.

நேர்ல போய்ப் பாத்தோம். மரத்தைச் சுத்தி வேலி. கிளையைப் பாதுகாக்குறாங்க, நியாயம்தான். தம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு ரொம்ப நேரம் பாத்தான். கல்யாணப் பொண்ணு சொன்னா: "விடு, மொய்ப் பணத்துல எப்படியும் அந்த மரம் வந்துரும்."

(அந்த நிமிஷமே எனக்கு அந்தப் பொண்ணைப் புடிச்சுப் போச்சு.)

அடுத்தது பேண்ட்ஸ்டாண்ட். மேட்டு மேல எட்டுப் பட்டையா வெள்ளையா ஒரு மண்டபம், 1930ல கட்டினது, சுத்தி மஞ்ச இலைத் தூங்குமூஞ்சி மரங்க. அழகுன்னா அழகு. பிரச்சினை என்னன்னா, சிங்கப்பூர்ல பாதிப் பேரோட கல்யாண ஆல்பத்துல அது இருக்கு. நாங்க நின்ன அரை மணி நேரத்துல மூணு ஜோடி, மூணு போட்டோகிராஃபர். ஒரு பொண்ணோட வெள்ளை கவுனை இன்னொரு ஜோடியோட ஆளு மிதிச்சிட்டான். வேணாம் சாமின்னு தள்ளி, கூரை போட்ட சின்ன இடம் ஒண்ணைப் புடிச்சோம். கூரை முக்கியம். சிங்கப்பூர்ல வெட்டவெளிக் கல்யாணம்னு யாராச்சும் சொன்னா, "கூரை எங்க?"னு கேளுங்க. அதுக்குப் பதில் இல்லேன்னா அவங்க இன்னும் பிளான் பண்ணல, கனவு கண்டுக்கிட்டு இருக்காங்க.

இப்ப தேதி.

இங்க நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆரம்பம் எல்லாம் மழை. சராசரியா மழை கம்மியான மாசம் பிப்ரவரி. நம்மளுக்கும் தை மாசம் அங்கதான் வந்து முடியுது. ஆஹா, வருண பகவானும் பஞ்சாங்கமும் ஒரே கட்சின்னு குஷியானேன்.

ஆனா 2026ல பிப்ரவரி 1 தைப்பூசம். 17 சீனப் புத்தாண்டு. பூசம் சமயத்துல தேக்காவுல (லிட்டில் இந்தியா) பூ விலை கேக்கவே முடியாது. சீனப் புத்தாண்டு கிட்ட வந்தா கேட்டரிங், வேன், டெக்சி எல்லாமே கைக்கு எட்டாது. நடுவுல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் மிச்சம்.

அம்மா சொன்னாங்க: "தேய்பிறைடி."

யோசிச்சுப் பாத்தா வேற எப்படி இருக்கும்? பூசத்தன்னைக்குப் பௌர்ணமி. சீனப் புத்தாண்டு அமாவாசைக்குப் பொறக்குது. ரெண்டுக்கும் நடுவுல தேய்பிறையைத் தவிர வேற என்ன இருக்க முடியும்? இதை அம்மாகிட்ட ஒரு பேப்பர்ல நிலா படம் போட்டு விளக்கினேன். அம்மா பேப்பரை வாங்கிப் பாத்துட்டு, "அப்ப ரெண்டு விசேஷத்துல ஒண்ணைத் தள்ளி வைக்கச் சொல்லு"ன்னாங்க.

கடைசியில ஊர்ல இருந்து வந்த தினசரி காலண்டரைப் புரட்டி, தேய்பிறை முகூர்த்தம்னு ஒண்ணைக் கண்டுபுடிச்சாங்க. நேரம் காலையில 6 முதல் 7.30.

அட கடவுளே. சிங்கப்பூர்ல பிப்ரவரியில சூரியன் எந்திரிக்கவே 7.15 ஆகும்! 1982ல நம்ம கடிகாரத்தை மலேசியாவோட சேத்து அரை மணி முன்னாடி தள்ளி வெச்சாங்கள்ல, அதோட பலன். 6 மணிக்குத் தாலி கட்டுனா கும்மிருட்டு. போட்டோவுல பல்லு மட்டும்தான் தெரியும்.

அப்பா அப்ப பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. தலையைத் தூக்காமலே சொன்னாரு: "காலண்டர் இந்தியாவுல அடிச்சது. அதுல இருக்குறது இந்திய நேரம். ரெண்டரை மணி கூட்டு. 8.30 முதல் 10."

முப்பத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில அம்மா அப்பாவைப் பெருமையா பாத்ததை அன்னைக்குத்தான் நான் பாத்தேன். (ஜோசியம் தெரிஞ்சவங்க சண்டைக்கு வராதீங்க. லக்னம் ஊருக்கு ஊர் மாறும்னு எனக்கும் தெரியும். வீட்ல அமைதி நிலவுது, கலைச்சு விட்டுறாதீங்க.)

அடுத்த பஞ்சாயத்து, நெருப்பு.

பூங்காவுல பார்பிக்யூ போடன்னு ஒதுக்கின இடம் தவிர வேற எங்கயும் நெருப்பு மூட்டக்கூடாது. சட்டம். ஓமகுண்டத்தை பார்பிக்யூ கணக்குல காட்ட முடியுமான்னு தம்பி கேட்டான். அம்மா கரண்டியைத் தூக்கினாங்க.

"அக்னி சாட்சி இல்லாம என்னடி கல்யாணம்?"

சட்டப்படி பாத்தா இங்க அக்னி சாட்சிக்கு மதிப்பே கிடையாது. 1961ல மாதர் சாசனம் வந்ததுல இருந்து பதிவுதான் கல்யாணம். குறைஞ்சது 21 நாளைக்கு முன்னாடி நோட்டீஸ் போடணும். 42 வெள்ளி கட்டணம். உரிமம் வாங்கின ஒரு பதிவாளர் நடத்தி வைக்கணும். 21 வயசு தாண்டுன ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அவ்ளோதான். ஓமம் வளக்கறதும் தாலி கட்டறதும் நம்ம மனசுக்கு. இந்தப் பதிவாளருங்க தொண்டூழியமா வர்றவங்க, தமிழ் பேசுறவங்களும் இருக்காங்க. எங்களுக்கு வந்தவர் ரிட்டயர்டு வாத்தியார், அம்மாவைப் பாத்ததுமே "பசியாறிட்டீங்களா"ன்னு கேட்டு பாதி பிரச்சினையை முடிச்சிட்டாரு.

ஆனா அது அப்புறம். அன்னைக்கு அம்மாவைச் சமாளிக்க என்கிட்ட ஒரே ஒரு அஸ்திரம்தான் இருந்துச்சு. தாத்தா.

அம்மாவோட அப்பா துறைமுகத்துல வேலை பாத்தவர். 1932ல இங்க ஆரம்பிச்ச தமிழர் சீர்திருத்தச் சங்கம் கேள்விப்பட்டிருப்பீங்க. தமிழ் முரசு நடத்துன கோ. சாரங்கபாணி இருந்த சங்கம். தாத்தா அந்தக் கூட்டத்துக்கெல்லாம் தவறாம போனவர். அவரோட கல்யாணமே ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது. ரெண்டு மாலை, மூணு சொற்பொழிவு. (சொற்பொழிவு ரெண்டு மணி நேரம் ஓடுச்சாம். பாட்டி கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.)

"உங்க அப்பா கல்யாணத்துல மட்டும் நெருப்பு இருந்துச்சாம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. கீரையை ஆஞ்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க.

"நெருப்பு இல்லடி. ஆனா அங்க 400 பேர் நின்னு பாத்தாங்க."

என்கிட்ட பதில் இல்ல.

ஏன்னா உண்மையான சண்டை அதுதான். நெருப்பு, தேய்பிறை எல்லாம் சும்மா சில்லறை. அம்மாவுக்கு உறுத்துனது 38ங்குற நம்பர். அம்மாவுக்கு 38 பேர்னா அது எங்க புளோக்குல ஒரு மாடி ஆளுங்க.

இந்த லிஸ்ட்டை மட்டும் தனியா ஒரு பதிவாப் போடலாம். முதல் லிஸ்ட் 612. (ஹால் கல்யாணத்துக்கு அது சாதாரணம்.) ரெண்டாவது 140. அதுக்கப்புறம் ஒவ்வொரு பேரா அடிக்கிறப்ப ஒவ்வொரு பல்லாப் புடுங்குன மாதிரி. நான் வெச்ச விதி: போன ஒரு வருஷத்துல தம்பிகூட உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்கணும். நல்ல விதின்னு நெனச்சேன். அதுல முதல்ல அடிபட்டது எங்க பெரியப்பா. உள்ள வந்தது தம்பி வேலை பாக்குற கட்டடத்து காப்பிக்கடை அங்கிள்.

விதியை மாத்தினேன். அப்ப ஜொகூர் சித்தி அடிபட்டாங்க. திரும்ப மாத்தினேன். கடைசியில விதியும் இல்ல, மண்ணும் இல்ல. அம்மா, நான், பொண்ணோட அம்மா மூணு பேரும் ஒரு ராத்திரி உக்காந்து தே குடிச்சுக்கிட்டே "இவங்களைக் கூப்பிடலைன்னா செத்தப்புறம் நமக்குத் தூக்கம் வருமா"ன்னு கேட்டுக் கேட்டு முடிச்சோம். 38. கேக்க மறந்த பேருங்க இன்னைக்கும் என்கூட பேசுறதில்ல.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சின்னக் கல்யாணம்னா சின்ன வேலைன்னு நெனச்சு யாரும் இறங்காதீங்க. 600 பேர் கல்யாணத்துல யாரு வரலைன்னு யாருக்குமே தெரியாது. 38 பேர் கல்யாணத்துல வராத ஒவ்வொருத்தருக்கும் தெரியும்.

அலங்காரத்துக்கு ஒரு ஆளு வந்தாரு. "நேச்சுரல் தீம் சிஸ்டர்"ன்னாரு. 3,800 வெள்ளி. சுத்தி 82 ஹெக்டேருக்கு நேச்சுரல் சும்மா கிடக்குது, அதுக்கு நடுவுல பிளாஸ்டிக் கொடி தொங்க விட 3,800. மரத்துல ஆணி அடிச்சு விளக்குத் தோரணம் மாட்டலாம்னு வேற சொன்னாரு. தோட்டத்து மரத்துல! காப்பி குடுத்து அனுப்பிட்டோம். அலங்காரச் செலவு கடைசியில மாலை ரெண்டு, வீட்ல இருந்து கொண்டு போன ஜமுக்காளம் நாலு, அம்மாவோட பித்தளைச் சொம்பு. குத்துவிளக்குக்குப் பேட்டரி போட்ட திரி. அம்மா கடைசி வரைக்கும் அதைப் பாக்கவே இல்ல.

இப்ப அட்சதைக் கதை. இது எனக்கு ரொம்பப் புடிச்ச கதை.

அந்தத் தோட்டத்துல காட்டுக்கோழிங்க இஷ்டத்துக்குத் திரியும். சிவப்பு, பச்சைன்னு மினுமினுப்பா இருக்கும், பாத்திருப்பீங்க. 2020 ஜூன்ல இருந்து இங்க வனவிலங்குக்குத் தீனி போட்டா குற்றம். முதல் தடவை மாட்டுனா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். இப்ப கணக்குப் போடுங்க. 38 பேர் மஞ்சள் அரிசியை வீசுறாங்க. கீழ கோழி நிக்குது.

ஆசீர்வாதத்துக்கு ஆளுக்கு 5,000 வெள்ளி!

ஒத்திகை பார்த்தோம், எங்க புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்குல. முதல்ல ஜமுக்காளத்துக்கு உள்ளயே விழுற மாதிரி வீசச் சொன்னேன். பெரியம்மா கை பந்து வீச்சாளர் கை, சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் போச்சு. அடுத்து அரிசிக்குப் பதிலா பூ. காத்துல பறக்குது, அதுவும் குப்பைதானே. மூணாவது யோசனை பொண்ணு சொன்னது: யாரும் வீச வேணாம், ஒவ்வொருத்தரா கிட்ட வந்து தலையில கை வெச்சு, அரிசியை ஒரு தாம்பாளத்துல போடட்டும்.

அதைத்தான் செஞ்சோம். ஹால்ல இருபதாவது வரிசையில இருந்து வீசுற அட்சதை முன்னாடி இருக்கவங்க கொண்டையிலதான் விழும். இங்க 38 பேரும் கிட்ட வந்து, கண்ணைப் பாத்து, ஏதோ ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க. எப்பவும் விறைப்பா நிக்கிற எங்க பெரியப்பா தம்பி தலையில கை வெச்சுட்டு எடுக்கவே இல்ல. அந்த அரிசியில மறுநாள் அம்மா பொங்கல் வெச்சாங்க.

சரி, அன்னைக்கு என்ன நடந்துச்சு?

ஜொகூர் சித்தி குடும்பம் எல்லைப் பாலத்து நெரிசலுக்குப் பயந்து காலையில 4 மணிக்கே கெளம்பி, 5.45க்கு வந்து, இருட்டுல தோட்டத்துல உக்காந்து பசியாறிக்கிட்டு இருந்தாங்க. எங்களுக்கு முன்னாடி. முந்தின நாள் மழை, புல்லு நனைஞ்சு கிடந்துச்சு. பட்டுப்புடவை எல்லாம் முழங்கால் வரைக்கும் ஈரம். குதிகால் செருப்பு போட்டவங்க நட்ட கம்பம் மாதிரி மண்ணுல நின்னாங்க. ஏரிக்கரைப் பக்கமா ஒரு உடும்பு, நம்ம ஒரு ஆள் நீளம் இருக்கும், ஜமுக்காளத்துக்குப் பத்தடி தள்ளி நிதானமா கடந்து போச்சு. தவிலை நாங்க வேணாம்னுட்டதால (மத்தவங்களும் இருக்குற இடம்) நாதஸ்வரம் மட்டும்தான். வாசிக்கிறவர் உடும்பைப் பாத்தாரு, ஒரு கமகம் கூட வந்துச்சு.

8.40க்குப் பதிவாளர் ஆரம்பிச்சாரு. ரெண்டு பேரையும் தமிழ்லயே கேட்டாரு, தமிழ்லயே பதில் சொன்னாங்க. கையெழுத்து. சாட்சிக்கு நானும் பொண்ணோட அண்ணனும்.

தம்பி தாலியைக் கையில எடுக்குறான். சொட்டு.

வருஷத்துலயே மழை கம்மியான மாசம்னு சொன்னேன்ல? அதே மாசம்தான். சடசடன்னு புடிச்சுக்கிச்சு. நாங்க கூரைக்குக் கீழ. அதோட முடிஞ்சா பரவால்ல. ஞாயித்துக்கிழமை காலை, பூமலை. ஓடிக்கிட்டு இருந்தவங்க, நாயோட நடந்தவங்க, தை சி பண்ணிக்கிட்டு இருந்த ஆன்ட்டிங்க, தள்ளுவண்டியில குழந்தையோட வந்த ஒரு வெள்ளக்காரக் குடும்பம், எல்லாரும் பக்கத்துல தெரிஞ்ச ஒரே கூரைக்குக் கீழ ஓடி வந்தாங்க. எங்க கூரை.

வந்தவங்க கல்யாணம்னு பாத்ததும் பதறிப் போய் திரும்ப மழைக்குள்ள இறங்கப் போனாங்க. நான் ஒரு நொடி நிம்மதியானேன், ஒத்துக்குறேன். இந்த இடத்துக்குப் பணம் கட்டியிருக்கோம், 38 பேருக்கு ஒரு மாசம் மல்லுக்கட்டியிருக்கேன்.

அம்மா எந்திரிச்சாங்க. ரெண்டு கையையும் விரிச்சு, "கம், கம், வாங்க, உள்ள வாங்க"ன்னாங்க. ஈரத் தலையோட நின்ன தை சி ஆன்ட்டி ஒருத்தங்களைக் கையைப் புடிச்சு முன்னாடி இழுத்து, என் நாற்காலியில உக்கார வெச்சாங்க.

தாலி ஏறுனப்ப அந்தக் கூரைக்குக் கீழ எப்படியும் அறுபது பேர். நாலு நாய். சிவப்பு அரைக்கால் சட்டை போட்டு ஓடிக்கிட்டு இருந்த ஒரு அங்கிள், தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு, மூணாவது முடிச்சு விழற வரைக்கும் அசையாம நின்னாரு. நாற்காலி ஆன்ட்டி மஞ்சக் கயிறைக் காட்டி என்னமோ கேட்டாங்க. அம்மா அவங்களுக்குத் தெரிஞ்ச பசார் மலாயில விளக்குனாங்க. என்ன சொன்னாங்கன்னு தெரியல, ரெண்டு பேருமே கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் அந்த ஆன்ட்டியும் வரிசையில நின்னு தாம்பாளத்துல அரிசி போட்டாங்க.

பத்து நிமிஷத்துல மழை விட்டுச்சு. யாரும் உடனே போகல. போக விட்டாத்தானே? அம்மா பசியாறப் பொட்டலங்களை (கேசரி, ரெண்டு வடை, இடியாப்பம்) எடுத்து நீட்டிக்கிட்டே இருந்தாங்க. 45 பொட்டலம் கட்டியிருந்தேன், ஏழு கையிருப்பு. எனக்குக் கிடைச்சது அரை கப் காப்பி.

மதியம் தேக்காவுல சாப்பாடு, அது வழக்கம் போல. அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல. பாயசத்துல சக்கரை அதிகம்.

ஆல்பம் போன மாசம் வந்துச்சு. தாலி கட்டுற போட்டோவை அரைப் பக்கத்துக்குப் பெருசாப் போட்டிருக்காங்க. தம்பி, பொண்ணு, பின்னாடி அம்மா, அப்பா. அப்பா தோளுக்குப் பக்கத்துல, நடு மத்தியில, சிவப்பு அரைக்கால் சட்டையில, தொப்பியை நெஞ்சுல வெச்சுக்கிட்டு அந்த அங்கிள்.

வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க, யாரு இவருன்னு. அம்மா கொஞ்சமும் யோசிக்காம சொல்றாங்க: "பொண்ணு வீட்டு சைடு."

நேத்துதான் பொண்ணோட அம்மா போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அவங்க வீட்ல அவரு மாப்பிள்ளை வீட்டு சைடாம்.